ஆறு அங்குலச் சேறு: ஜேன் ஆஸ்டின் ஊர்களில்

மே 5, ஞாயிறு – சாட்டன்

ஆல்டன் ரயில் நிலையத்திலிருந்து சாட்டன் கிராமம் ஏறக்குறைய இரண்டு மைல். அட்டவணையில் இருந்த பேருந்து வரவேயில்லை. நிறுத்தத்தில் நாய்க்குட்டியோடு நின்ற பாட்டி ஒருவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நடந்தே போயிடுங்க, மழை வர்றதுக்குள்ள சேர்ந்திடலாம்" என்று வழி சொன்னார். நடந்து போவதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமும்கூட. இங்கே வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் வீட்டுப் பெண்கள் கடைகண்ணிக்கு ஆல்டன் போய் வந்தது இப்படித்தான்.

வீடு சாலையை ஒட்டியே நிற்கிறது. ஆடம்பரம் இல்லாத செங்கல் கட்டடம். ஜேனின் அண்ணன் எட்வர்டைப் பிள்ளையில்லாத பணக்கார உறவினர்கள் தத்தெடுத்திருந்தார்கள். அப்படி அவர் கைக்கு வந்த பண்ணையைச் சேர்ந்த வீடு இது. அம்மா, அக்கா கஸாண்ட்ரா, தோழி மார்த்தா லாயிட், ஜேன் ஆகிய நான்கு பெண்கள் 1809 ஜூலை 7 அன்று இங்கே குடியேறினார்கள். வாடகை கிடையாது. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் ஆறு நாவல்களும் முடிந்தன. மூன்று பழைய பிரதிகளைத் திருத்தியவை, மூன்று இங்கேயே பிறந்தவை.

எல்லாரும் தேடிப் போய்ப் பார்ப்பது சாப்பாட்டு அறை ஜன்னலோரத்தில் இருக்கும் மேசையை. அக்ரூட் மரம், பன்னிரண்டு பக்கம், ஒற்றைக் கால். ஒரு தாளையும் மைக்கூட்டையும் வைத்தால் முழங்கை வைக்க இடமிருக்காது. சிறு சிறு தாள்களை மடித்து எழுதினார், யாராவது வந்தால் சட்டென்று மறைத்துவிடுவார், ஆள் வருவதை அறிவிக்கும் கதவின் கிறீச்சொலியை எண்ணெய் விட்டுச் சரிசெய்ய வேண்டாம் என்றார் என்று அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதை விட முக்கியமான செய்தி வீட்டு வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. காலைச் சாப்பாடும், தேயிலை, சர்க்கரை, ஒயின் வைத்த அலமாரியின் சாவியும் ஜேன் பொறுப்பு. ஒன்பது மணிச் சாப்பாடு முடிந்தால் மீதி வீட்டைக் கஸாண்ட்ராவும் மார்த்தாவும் பார்த்துக்கொள்வார்கள். அக்காவும் தோழியும் விட்டுக்கொடுத்த அந்த நேரம் இல்லாமல் 'எம்மா' நாவல் இல்லை.

மார்த்தா வைத்திருந்த சமையல் குறிப்பு நோட்டு பிழைத்திருக்கிறது. அதில் மை காய்ச்சும் முறை ஒன்று உண்டு. நாட்டுமருந்துக் கடை பழக்கம் உள்ளவர்களுக்கு எல்லாச் சரக்கும் தெரிந்தவையே. மாசிக்காய் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். அன்னபேதி 2 அவுன்ஸ். வேலம் பிசின் ஒன்றரை அவுன்ஸ். மாசிக்காயை உடைத்து, மற்றதை உரலில் இடித்து, ஒரு பைன்ட் பழைய கடும் பீரிலும் ஒரு பைன்ட் லேசான பீரிலும் போட்டு, கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். அடுப்பங்கரை ஓரத்தில் பதினான்கு நாள் இருக்க வேண்டும், தினம் இரண்டு மூன்று தடவை குலுக்க வேண்டும்.

ஏன் இத்தனை பாடு? மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்துதான் நிறம் வருகிறது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டபின் கறுக்கும். பிசின் குறைந்தால் நிறத்துகள் அடியில் தங்கி மை தண்ணீராக ஓடும்; கூடினால் இறகு முனையில் கட்டி நின்றுவிடும். அன்னபேதி அதிகமானால் வருஷங்கள் போகப்போக எழுத்து பழுப்பாகித் தாளையே அரித்துவிடும். வாத்து இறகின் முனை சில பக்கங்களிலேயே மழுங்கும், மறுபடி சீவ வேண்டும். இந்த வேகத்தில் எழுதும்போது ஒரு வாக்கியத்தைத் தாளில் இறக்குமுன் மனசுக்குள் பலமுறை திருப்பிப் பார்க்கத்தான் தோன்றும். அவர் உரைநடையில் ஒரு சொல்லைக்கூட உருவ முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அதே நோட்டில் இந்திய முறைக் கறிக்கும் கறிப்பொடிக்கும் குறிப்பு இருக்கிறது. மஞ்சள், அரத்தை, மிளகாய்த்தூள் எல்லாம் ஹாம்ப்ஷயர் கிராமத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு புஷ்பராகச் சிலுவைகள். கடற்படையில் இருந்த தம்பி சார்ல்ஸ், 1801இல் எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த 30 பவுண்டில் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலியோடு வாங்கிக் கொடுத்தது. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் கதாநாயகி ஃபேனிக்கு அண்ணன் வில்லியம் சிலுவை வாங்கித் தருகிறான். சங்கிலி வாங்கக் காசு போதவில்லை. அந்தச் சங்கிலி யார் கொடுத்தது என்பதை வைத்தே இரண்டு அத்தியாயம் நகரும். சார்ல்ஸ் பின்னாளில் கீழை நாடுகளுக்கான பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாகி, 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் காலரா கண்டு இறந்தார். அவரைப் புதைத்தது திருகோணமலையில். இந்தச் சிலுவையின் முன் நிற்கும் ஈழத்தவர் யாராயிருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

எதிர்ப்புறத் தேநீர்க்கடையில் ஒரு ஸ்கோனும் தேநீரும் ஏழு பவுண்டு, நம்மூர்க் கணக்கில் எழுநூறு ரூபாய்க்கு மேல். ஸ்கோன் சூடாகவும் பெரிதாகவும் இருந்தது. மேசை கிடைக்காதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு இடம் கொடுத்தார்கள்.

மே 6, திங்கள் – ஸ்டீவன்டன்

வங்கி விடுமுறை. காலையிலிருந்தே மழை. பேசிங்ஸ்டோக்கிலிருந்து டாக்சி பிடிக்க வேண்டியதாயிற்று; விடுமுறை நாளென்று முப்பது பவுண்டுக்குக் குறைய மாட்டேன் என்றார் ஓட்டுநர். ஆனால் திரும்பிப் போகும் நேரத்தை அவரே கேட்டுக் குறித்துக்கொண்டு, சொன்ன நிமிஷத்துக்கு வந்து நின்றார்.

ஜேன் பிறந்தது இங்கே, 1775 டிசம்பர் 16. எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் ஊர்ப் பாதிரியார். பிறந்த வீட்டை 1820களிலேயே இடித்துவிட்டார்கள். வேலி போட்ட வயல், ஓர் எலுமிச்சை இன மரமல்லாத 'லைம்' மரம், கிணறு இருந்த இடம், அவ்வளவுதான் மிச்சம். பலர் ஏமாந்து திரும்புவது இங்கேதான். தேவாலயத்துக்குப் போக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு, சின்னக் கோபுரம், வாசலில் மிகப் பழைய யூ மரம். அதன் பொந்துக்குள்தான் ஒரு காலத்தில் தேவாலயச் சாவியை வைத்திருப்பார்கள்.

இந்தத் தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் முன்மாதிரிப் பக்கம் ஒன்று இருந்தது. பெயர் நிரப்பிப் பழகுவதற்கான இடம். அதில் சிறுமி ஜேன் தனக்குத்தானே மூன்று மாப்பிள்ளைகளை எழுதி வைத்திருக்கிறார். முதல் ஆள் லண்டன்காரர், பெயர் நாலடி நீளம். அடுத்தவர் லிவர்பூல், அவருக்கும் நீளப் பெயர். மூன்றாமவர் வெறும் ஜாக் ஸ்மித். பெயர் சுருங்கச் சுருங்க அந்தஸ்து இறங்குகிறது. வரப்போகும் நாவல்காரர் அந்தப் பக்கத்திலேயே தெரிகிறார். பதிவேடு இப்போது வின்செஸ்டர் ஆவணக் காப்பகத்தில்.

மழையில் தேவாலயத்துச் சந்தில் நடந்தால் ஒன்று புரியும். இங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண். நனைந்தால் காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூடும். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் காய்ச்சலில் கிடக்கும் அக்காவைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் நடந்து போகிறாள். அவள் உள்பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேறு என்று அந்த வீட்டுப் பணக்கார இளைஞன் பிங்லியின் சகோதரி முகம் சுளிக்கிறாள். ஆறு அங்குலம் என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. சந்தின் நடுவிலிருந்து வரப்புக்கு ஏறும்போது துணி உரசும் உயரம் அதுதான். வண்டி கேட்டாலும் கிடைக்காது, குதிரைகள் பண்ணை வேலைக்குப் போயிருக்கின்றன என்றும் அந்த அத்தியாயமே சொல்லிவிடுகிறது. குதிரை யாருக்கு எப்போது கிடைக்கும், எவ்வளவு தூரம் ஒரு பெண் தனியாக நடக்கலாம், அதை யார் எப்படிப் பார்ப்பார்கள்? அவர் நாவல்கள் நடப்பது இந்தக் கேள்விகளின்மேல்.

இதே ஊர்ப் பாதிரியாரின் அக்கா ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின். தாய் தகப்பன் இல்லாத பெண். லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகினாள். 1752 ஜனவரியில் மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி ஆகஸ்டில் மதராஸ் வந்து இறங்கினாள். அடுத்த பிப்ரவரியில் கடலூரில், புனித டேவிட் கோட்டை மருத்துவர் டைசோ சால் ஹான்காக்குக்கு மனைவியானாள். இறங்கி ஆறே மாதம். சம்பளமும் கப்பல் கட்டணமும் கணக்குப் பார்க்கப்பட்ட கல்யாணம். ஜேன் பதினாறு பதினேழு வயதில் எழுதிய ஒரு முடியாத கதையில் உறவினர்கள் செலவு போட்டு வங்காளத்துக்கு ஏற்றி அனுப்பும் அநாதைப் பெண் வருகிறாள். தன்னைவிட இரட்டை வயதுக்காரருக்கு வாழ்க்கைப்படுகிறாள். அதை அதிர்ஷ்டம் என்று ஊர் சொல்கிறது. வீட்டுக் கதை அது. ஃபிலடெல்ஃபியாவின் மகள் எலைசா பிறகு ஜேனின் அண்ணன் ஹென்றியைக் கட்டிக்கொண்டு அண்ணியாகவே வந்தார்.

மே 8, புதன் – பாத்

நேற்று முழுக்கப் பயணம், சொல்ல ஒன்றுமில்லை. இன்று நல்ல வெயில். சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். பாத் பன் என்பது மேலே கற்கண்டு போலச் சர்க்கரைத் துணுக்கு தூவிய இனிப்பு ரொட்டி. 1801இல் பாத் போவதற்குமுன் எழுதிய கடிதத்தில், பாத் பன் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளப் போவதாக ஜேன் சொல்கிறார். ஒன்றுக்கு மேல் தின்ன முடியாது என்பது உண்மை. சாலி லன் பன் வேறு: தலையளவு பெரியது, உள்ளே பஞ்சு. பாதிதான் பரிமாறுவார்கள், அதுவே மதியச் சாப்பாடு. பம்ப் ரூமில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாம். பூமியிலிருந்து 46 டிகிரியில் வருகிறது. வெதுவெதுப்பாக, இரும்பு ஆணியை வாயில் வைத்த சுவையோடு தொண்டைக்குள் இறங்கும். ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும், பருகிப் பருகிக் குடித்தால் முடியாது.

பாத் நகரம் ஒரு சரிவு. 'பர்ஸுவேஷன்' நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினால், யார் எந்த உயரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதே கதை என்று காலுக்குத் தெரியும். கடன்பட்டுச் சொந்த வீட்டை வாடகைக்கு விட்ட சர் வால்டர் எலியட் எடுத்துக்கொண்டு தங்குவது உச்சியில், கேம்டன் பிளேஸில். இப்போது கேம்டன் கிரெஸன்ட் என்று பெயர். அவர் வீட்டை வாடகைக்கு எடுத்த கடற்படைத் தளபதி கிராஃப்ட் தம்பதி நடுச்சரிவில், கே ஸ்ட்ரீட்டில். நோயாளியான ஏழை விதவை மிஸஸ் ஸ்மித் கீழே, வெஸ்ட்கேட் பில்டிங்ஸில். சர் வால்டரின் மகள் ஆன் எலியட் மேலிருந்து கீழே இறங்கித் தோழியைப் பார்க்கப் போகிறாள்; அதற்கு அப்பா படுத்தும் பாட்டைப் படித்தால் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

கேம்டன் வரை ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். பாத் அபி தேவாலயத்திலிருந்து லான்ஸ்டவுன் சாலை வழியாக இருபது நிமிஷம், மூச்சு வாங்கும். 1788இல் தொடங்கிய இந்த அரைவட்டக் கட்டட வரிசை முடியவேயில்லை. கிழக்குப் பக்கம் மண் சரிந்து அந்த வீடுகளைக் கட்டி நிறுத்த முடியவில்லை. நடுவே இருக்க வேண்டிய முக்கோண முகப்பு அதனால் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. சர் வால்டரை இந்த முகவரியில் குடிவைத்த ஜேனுக்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சரிவு தெரியாமலா இருக்கும்? எங்குமே அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. முகவரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பாத் அவருக்கு நல்ல காலம் தரவில்லை. சிட்னி பிளேஸ் 4ஆம் எண் வீட்டில் பலகை இருக்கிறது. 1805 ஜனவரி 21 அன்று அப்பா இறந்தார், வருமானம் அதோடு நின்றது. அம்மாவுக்கும் கஸாண்ட்ராவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 210 பவுண்டு இருந்தது, ஜேனுக்கு ஒரு காசும் இல்லை. எட்வர்ட் 100, மற்ற மூன்று அண்ணன்மார் தலைக்கு 50 தருவதாகச் சொன்னார்கள். மொத்தம் 460. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இன்னும் மலிவான தெரு.

இதைத் தெரிந்துகொண்டு 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். சாகும் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்த ஜான் டேஷ்வுட், சித்தியின் மூன்று பெண்களுக்கும் தலைக்கு ஆயிரம் பவுண்டு தருவதாக முடிவெடுக்கிறான். மனைவி பேசத் தொடங்குகிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. பிறகு மொத்தமாக வேண்டாம், சித்திக்கு ஆண்டுக்கு நூறு கொடுக்கலாம் என்றாகிறது. அவள் பதினைந்து வருஷம் உயிரோடு இருந்துவிட்டால்? ஆண்டுக் கொடை என்றால் ஆள் சாகவே மாட்டார்கள் என்கிறாள். அதனால் எப்போதாவது ஐம்பது. கடைசியில் வீடு மாறும்போது ஒத்தாசை, பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. யாரும் குரல் உயர்த்தவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம். சில பக்கங்களில் மூவாயிரம் பவுண்டு மீன்கூடையாகிறது. பாகப்பிரிவினைக்கு நடுவே உட்கார்ந்தவர்கள் இதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடக்க வேண்டியிருக்கும். இந்த நாவல் 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆகிச் செட்டிநாட்டு வீட்டில் போய் உட்கார்ந்தபோது எதுவும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, அதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

அவர் சொல்லும் தொகைகளைச் சரிபார்க்க முடியும். அரசுக் கடன் பத்திரங்களுக்கு அன்று வட்டி நான்கைந்து சதவீதம். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் பிங்லிக்குச் சொத்து ஒரு லட்சம், அதனால் ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம். எலிசபெத்துக்கு அம்மா காலத்துக்குப் பிறகு ஆயிரம் பவுண்டு, நான்கு சதவீதத்தில். அதாவது வருஷத்துக்கு நாற்பது. உறவினன் காலின்ஸ் பெண் கேட்கும்போதே அவள் முகத்துக்கு நேரே இதைச் சொல்கிறான். பிங்லியின் நண்பன் டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம். அதற்கு எதிரில் இந்த நாற்பதை வைத்துக்கொண்டு அவள் டார்சியை முதல் தடவை மறுக்கிறாள். நாற்பது தெரியாதவருக்கு அந்த மறுப்பின் கனம் தெரியாது.

மாலையில் பம்ப் ரூமுக்கு எதிரே. ஒயிட் ஹார்ட் விடுதி இங்கேதான் இருந்தது, இப்போது இல்லை. 'பர்ஸுவேஷன்' 1816 ஜூலை 18 அன்று முடிந்துவிட்டது. அந்த முதல் முடிவின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. அதில் ஆன் கே ஸ்ட்ரீட் வீட்டுக்கு அழைக்கப்படுகிறாள். எட்டரை வருஷத்துக்கு முன் பிறர் பேச்சைக் கேட்டு அவள் கைவிட்ட காதலன் கேப்டன் வெண்ட்வொர்த், கிராஃப்ட் தம்பதியின் ஏவலில் வந்து, நீ உன் உறவினனைக் கட்டிக்கொள்ளப் போகிறாயாமே, உன் அப்பா வீடு திரும்ப வேண்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இல்லை என்கிறாள், இருவரும் சேர்கிறார்கள். இதில் என்ன குறை? இருவரையும் சேர்த்து வைப்பது மற்றவர்கள். ஆன் தானாக ஒன்றும் செய்யவில்லை.

ஜேன் மனம் ஒப்பாமல் மறுபடி எழுதி ஆகஸ்ட் 6 அன்று முடித்தார். புதிய முடிவில் ஒயிட் ஹார்ட் அறை நிறைய ஆட்கள். ஜன்னலோரம் ஆன், வெண்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்வில்லோடு பேசுகிறாள்: நம்பிக்கையெல்லாம் போன பிறகும் நீண்ட காலம் காதலிப்பவர் யார், ஆணா பெண்ணா? புத்தகமெல்லாம் பெண்களின் சபலத்தைத்தானே சொல்கின்றன என்கிறார் அவர். பேனா அவர்கள் கையில் இருந்தது என்கிறாள் இவள். பக்கத்து மேசையில் வெண்ட்வொர்த் ஏதோ கடிதம் எழுதுவதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பேனா கீழே விழுகிறது. அந்த மேசையிலேயே அவளுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். எட்டரை வருஷமாக வாய் திறக்காத பெண் இப்போது பேசுகிறாள், அதைக் கேட்டு அவன் எழுதுகிறான். உடம்பில் நோய் தொடங்கியிருந்த காலத்தில், முடித்த நாவலைப் பிரித்து மூன்று வாரத்துக்குள் இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறார்.

மே 10, வெள்ளி – லைம் ரீஜிஸ்

ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கிப் பேருந்து. மேல் மாடியில் உட்கார்ந்தால் கடல் வரை பச்சைப் பள்ளத்தாக்கு. துறைமுகத்தில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் பதின்மூன்று பவுண்டு. கடைக்காரரே மூடியைத் திறக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார். கடற்புறா பின்னாலிருந்து வரும், தலைக்கு மேல் நிழல் தெரியும்போது கையிலிருந்த மீன் போயிருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவதே வழி. எதிரே ஒரு சிறுவனின் பொட்டலம் பறிபோனதும், அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவனுக்குக் கொடுத்தன.

காப் என்ற கல்லணை வளைந்து கடலுக்குள் போகிறது. மேல்தளம் கடல் பக்கம் சாய்ந்திருக்கும், கைப்பிடி கிடையாது. வெயிலிலும் பாசி படிந்த இடம் வழுக்கும். தோல் அடி வைத்த காலணி கூடாது. மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளில் ஒன்றைப் 'பாட்டியின் பல்' என்கிறார்கள். சுவரிலிருந்து துருத்தும் வெறும் கற்கள், இடையில் காற்று. 1824 புயலில் காப் உடைந்து பெரும்பகுதி மறுபடி கட்டப்பட்டதால், 'பர்ஸுவேஷன்' நாவலில் லூயிசா என்ற பெண் விழுந்தது எந்தப் படியில் என்பதில் வாசகர்களுக்குள் வழக்கு ஓயவில்லை. கவிஞர் டென்னிசன் இங்கே வந்தபோது அந்த இடத்தைத்தான் முதலில் காட்டச் சொன்னார்.

விழுந்தது ஏன் என்பதில் வழக்கு இல்லை. முன்பு ஒரு நடையில் வெண்ட்வொர்த் ஒரு கொட்டையைக் கையில் எடுத்து, உறுதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளிடம் பாடம் நடத்துகிறான். ஆனின் இளகிய மனம் அவனுக்கு ஆறாத காயம், அதனால் வந்த பேச்சு. லூயிசா அதைப் பிடித்துக்கொள்கிறாள். வேலிப்படிகளில் அவன் கையில் குதித்து இறங்குவது பழக்கமாகிறது. காப்பில் ஒரு தடவை குதிக்கிறாள், நன்றாகவே இறங்குகிறாள். தரை கல், வேண்டாம் என்கிறான். நான் தீர்மானித்துவிட்டேன் என்று மேலே ஓடுகிறாள். அவன் கை நீட்டுகிறான். அரை விநாடி முந்திவிட்டாள் என்று எழுதுகிறார் ஜேன். நாவல் முழுக்க அந்த அரை விநாடியில் திரும்புகிறது. எல்லா ஆண்களும் கையைப் பிசையும்போது வைத்தியரைக் கூப்பிடு, அவரை அறிந்தவன் போகட்டும் என்று வேலை ஏவுவது ஆன் ஒருத்தி.

1804 செப்டம்பரில் இங்கிருந்து ஜேன் எழுதிய கடிதத்தில் உடைந்த பெட்டி மூடி பற்றி ஒரு வரி. ஆனிங் என்ற தச்சர் அதற்கு ஐந்து ஷில்லிங் விலை சொன்னாராம். அறையிலுள்ள மொத்தச் சாமானுக்கும் அவ்வளவு பெறாதே என்கிறார். அந்தத் தச்சரின் மகள் மேரிக்கு அப்போது ஐந்து வயது. பின்னாளில் இதே பாறைகளில் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்து உலகை வியக்கவைத்த மேரி ஆனிங்.

இரவு பதினொரு மணிக்கு விடுதிக்காரம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். தென்கோடி இங்கிலாந்தில் வடதுருவ ஒளி, வானம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக. போர்வையோடு தெருவில் நின்ற யாரும் யாருக்கும் அந்நியராகத் தெரியவில்லை.

மே 11, சனி – வின்செஸ்டர்

நல்ல சூடு. காலேஜ் ஸ்ட்ரீட் 8ஆம் எண்ணில் மஞ்சள் பூச்சு வீடு. நான் போனபோது உள்ளே அனுமதி இல்லை, வாசலில் நின்று பலகையைப் படித்துவிட்டு வந்தேன். 1817 மே 24 அன்று வைத்தியத்துக்காகச் சாட்டனிலிருந்து மழையில் வண்டியில் வந்து சேர்ந்தார். ஜூலை 15 அன்று, ஊர்க் குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கேலிப் பாட்டு ஒன்றை எழுதினார். 18ஆம் தேதி விடியற்காலையில் கஸாண்ட்ராவின் மடியில் உயிர் போயிற்று. வயது 41. இறுதிச் சடங்குக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. தெருமுனை திரும்பும்வரை அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடன் போனவர்கள் மூன்று அண்ணன்மாரும் அண்ணன் மகன் ஒருவரும்.

கதீட்ரலின் வடக்குப் பக்க நடையில் கறுப்புக் கல். அவருடைய குணம், அறிவு, பொறுமை எல்லாம் எழுதியிருக்கிறது, நாவல் எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. உயிரோடிருந்தவரை எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் வரவில்லை. முதல் நாவலில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் இருந்தது. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார், கேட்டது 150. 'எம்மா' 2000 பிரதி அச்சிட்டு நான்கு வருஷத்துக்குப் பிறகும் 539 விற்காமல் கிடந்தன. இங்கே கல்லறையைக் காட்டி வந்த ஊழியர் ஒருவர், இந்த அம்மாவிடம் அப்படி என்ன விசேஷம், இத்தனை பேர் கேட்டுக்கொண்டு வருகிறார்களே என்று ஒரு வழிப்போக்கரிடம் விசாரித்ததாக 1870இல் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அந்த அண்ணன் மகன் எழுதினார். அந்தப் புத்தக வருமானத்தில்தான் 1872இல் பக்கத்துச் சுவரில் பித்தளைப் பலகை வைத்து, எழுத்தால் பலர் அறிந்தவர் என்று பொறித்தார். கல்லுக்கும் பலகைக்கும் இடையே ஐம்பத்தைந்து வருஷம். பெரும்புகழோ பட்டமோ இல்லாமல், படித்தவர் இன்னொருவருக்குக் கொடுத்தே அந்த இடைவெளியைப் புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டி வந்திருக்க வேண்டும்.

இன்று கல்லைச் சுற்றிக் கூட்டம். ஜப்பானியப் பெண்கள், அமெரிக்கத் தம்பதி, பள்ளிப் பிள்ளைகள். யாரும் கல்லை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். நுழைவுக் கட்டணம் பத்துப் பவுண்டுக்கு மேல். வழிபாட்டுக்கு வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாலைப் பாடல் ஆராதனைக்குப் போனால் பாடகர் குழுவையும் கேட்கலாம்.

ஊரில் பழைய புத்தகக் கடைகளில் மூன்று நான்கு பவுண்டுக்கு அவருடைய எந்த நாவலும் கிடைக்கும். முதன்முதலாக வாங்குபவர்களுக்கு 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' சரி, வேகமாகப் போகும். 'எம்மா'வை அவசரப்பட்டுத் தொட வேண்டாம்: முதல் வாசிப்பில் எம்மாவின் கண்ணால் பார்த்து அவளோடு சேர்ந்து ஏமாறுவோம், இரண்டாவது வாசிப்பில்தான் ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தது தெரியும். அதற்கு நாள் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் நேரே 'பர்ஸுவேஷ'னுக்குப் போகலாம். பின்னிணைப்பில் அந்த நீக்கப்பட்ட அத்தியாயங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.